தப்பிப்போன கணக்கு

அடையாற்றில் பெசன்ட் நகர் பஸ்ஸைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு தாயின் நினைவு வருகிறது. அன்னி பெசன்ட் அம்மையார் பிரம்மஞான சபையில் சேருமுன், 1877-ல் இங்கிலாந்தில் ஜனத்தொகை பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அளவோடு பிள்ளை பெற விரும்பும் பெண்களுக்கு அதில் ஒரு யோசனை: இரண்டு மாதவிலக்குகளுக்கு நடுவே உள்ள நாட்களில் கருத்தரிப்பது அரிது என்று.

அக்கால வைத்தியர்கள் சொன்னதும் அதுவே. நாயைப் பார்த்து ஸ்திரீக்குக் கணக்குப் போட்டவர்கள் அவர்கள்! உண்மை நேர் எதிர். கருமுட்டை வெளிப்படுவது அடுத்த விலக்குக்குச் சுமார் 14 நாள் முன்னால். 1924-ல் ஜப்பானிய டாக்டர் ஒகினோவும், பிறகு ஆஸ்திரிய டாக்டர் க்னவுஸும் இதைத் தனித்தனியே கண்டார்கள்.

உடம்பு எதையும் ஒளிக்கவில்லை. அந்த நாட்களில் கசிவு முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிந்து இழுபடும். பின்னர் உடற்சூடு சற்றே ஏறும். பெண்களைக் கேட்கத்தான் ஆளில்லை.

கருத்தடைப் பிரசுரம் வெளியிட்டதையும் நாஸ்திகத்தையும் காட்டி, 1878-ல் கோர்ட்டு அம்மையாரிடமிருந்து மகள் மேபலைப் பிரித்தது. 1891-ல் அம்மையாரே தம் நூலை விலக்கிக்கொண்டார். மகளோ வயது வந்ததும் தாயிடம் திரும்பிவிட்டாள். கணக்குச் சரியாகத்தான் இன்னும் நெடுநாள் பிடித்தது.