கல்லில் பிறந்த வானொலி

சிறு மின்னணுப் பலகையில் விளக்கு மினுக்குவதும், மோட்டார் பூட்டி வண்டி ஓட்டுவதும் இன்று உங்களில் சிலருக்கு விளையாட்டு. இதற்கு நம் சிகாமட் அமைந்துள்ள ஜொகூர் மாநிலத்திலேயே பழைய வேர் ஒன்று உண்டென்றால் நம்புவீங்களா?

1921-ஆம் ஆண்டில், ஜொகூர் அரசாங்க மின்பொறியாளர் ஏ. எல். பிர்ச் என்பவர்தாம் மலாயாவுக்கு முதல் வானொலிக் கருவியைக் கொண்டு வந்தார். பின்னர் ஆர்வலர்களைக் கூட்டி ஜொகூர் வானொலிச் சங்கம் அமைத்து, 300 மீட்டர் அலையில் ஒலிபரப்பினார்.

அக்காலத்துப் படிகப் பெட்டி இருக்கிறதே, அதற்குப் பேட்டரியே வேண்டாம்! அட்டைக் குழாயில் சுற்றிய செம்புக் கம்பி, கலீனா எனும் ஈயத்தாதுக் கல், அதைத் தொடும் ஊசிக் கம்பி, காதில் மாட்டும் ஹெட்போன், நீண்ட ஏரியல். அம்புட்டுத்தான். வானில் வரும் அலையின் சக்தியே அதற்குச் சாப்பாடு. கல்லில் சரியான இடம் அகப்படும்வரை ஊசியை நகர்த்திக்கிட்டே இருக்கணும். பொறுமை இல்லாதவனுக்குப் பாட்டும் இல்லை.

ஜப்பானியர் ஆட்சியில் வானொலி உயிருக்கே உலையாயிற்று. பேராக் மாநிலத்துப் பாப்பானில், டாக்டர் ஏ. சி. கதிகாசு என்ற தமிழரின் துணைவியார் சிபில், ஒளித்து வைத்த பெட்டியில் நேசநாட்டுச் செய்தி கேட்டார். 1943-இல் பிடிபட்டுக் கொடிய சித்திரவதைக்கு ஆளானார். வாய் திறக்கவில்லை அந்த அம்மையார்!

2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்கென்றே உருவானது அர்டுயினோ பலகை. அது கிடைக்காவிட்டால் என்ன? வீட்டில் கெட்டுப்போன பழைய வானொலி இருந்தால், ஆசிரியரோ அப்பாவோ பக்கத்திலிருக்க, பிளக்கைக் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். பிர்ச் காலத்துச் செம்புச் சுருளின் பேரப்பிள்ளை உள்ளே இருக்கும்.