நம் பாட்டனார் யார்?

சிங்கப்பூர்ச் சரித்திரம் என்றவுடன் ராபிள்ஸ் துரையும், 1819-ம் வருஷம் அவரோடு வந்திறங்கிய நாராயண பிள்ளையும் நம் நினைவுக்கு வருகின்றனர். கட்டடம் எழுப்பியவர் பெயரைக் கல்லிற் காண்கிறோம். அந்தக் கல்லைச் சுமந்தவன் பெயரை எங்கே காண்பது? இக்கேள்வியை ஆங்கிலேயர் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டு, விடையும் தேடி வருகின்றனர். பிரபுக்களைப் பற்றியன்று, உழவனாயும், மாலுமியாயும், சலவைக்காரியாயும் வாழ்ந்து மடிந்த தம் முன்னோரைப் பற்றி. நாமோ கேட்கவே கூசி நிற்கிறோம்.

போர்ட் கானிங் குன்றில் 1822 முதல் 1865 வரை கிறிஸ்தவர் இடுகாடொன்று இருந்தது. அங்கிருந்த கல்லறைக் கற்கள் பல இன்று செங்கல் மதிலிற் பதிந்துள்ளன. கடலோடிகளும் பச்சிளங் குழந்தைகளும் அவற்றுள் உளர். அவ்விதம் இறந்த ஓர் ஏழை மாலுமியின் சந்ததியார் அவன் பிறப்பைத் தேடப் புறப்பட்டால், அவர்களுக்குத் துணையாக ஏடுகள் வரிசையாய் நிற்கின்றன. ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு கோயிற்பற்றும் எழுதிவைக்க வேண்டுமென்று 1538-லேயே தாமஸ் கிராம்வெல் கட்டளையிட்டார். 1837 முதல் சர்க்காரே பிறப்பு இறப்புகளைப் பதிவு செய்யலாயிற்று. 1841-ம் வருஷக் குடிமதிப்பில் வீடு வீடாகப் பெயர் எழுதினார்கள். அந்தக் கணக்கும் பழுதற்றதன்று. பதினைந்து வயதைக் கடந்தவர் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்தெழுதினர். விவசாயக் கூலி என்பதை 'ஆக். லாப்.' என்று சுருக்கினர். தோட்டத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு இதைக் காணச் சிரிப்பு வருகிறது. எந்நாட்டுக் கிராணிக்கும் காகிதமும் பொழுதும் குறைவுதான் போலும்! ஆயினும் அந்தக் கூலியின் பெயர், குடும்பப் பெயருடன், இன்றும் நிற்கிறது.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்றே முன்நிற்கும். அல்லது 'இன்னார் மகன்' என்று அடையாளச் சீட்டில் இருக்கும். இரண்டு தலைமுறை கடந்தால் பாட்டன் பெயர் தானே உதிர்ந்துவிடும். சாதிப் பட்டம் இருந்தாலாவது துப்புக் கிடைக்குமே என்பார் சிலர். அந்தத் துப்பு வேண்டாம். அது ஒழிந்தது நன்றே.

வேறொரு காரணமுமுண்டு. நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற ஒன்றரை லட்சம் பேருக்குக் கப்பல் ஜாபிதாக்கள் உள்ளன. பெயர், தகப்பன் பெயர், கிராமம், உடலிலுள்ள தழும்பு முதலியன அவற்றில் அடங்கும். அடிமைச் சாசனம் போன்ற அந்தத் தாள்களே இன்று பேரப்பிள்ளைகளுக்குச் சாட்சியாகிவிட்டன. மலாயாவில் சஞ்சிக்கூலி முறை 1910-ல் நின்றது. அதன்முன்பே ஓங்கி, 1938-ல் இந்திய சர்க்கார் தடுக்கும்வரை நடந்தது கங்காணி முறை. கங்காணியுடன் வந்தவன் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்கவில்லை. கங்காணியிடம் கடன் பட்டான். ஆகவே அவனைப்பற்றிய கணக்குக் கங்காணியின் மடியிலிருந்தது. சர்க்கார் அறிக்கைகளில் வந்தவர் இத்தனை ஆயிரம், திரும்பினவர் இத்தனை ஆயிரம் என்ற தொகைகளே மிச்சம்.

கிராஞ்சிக்குச் சென்றவர்கள் இதன் கொடுமையை நேரே காணலாம். சென்ற மகாயுத்தத்தில் மாண்டு, சமாதி அறியப்படாத 24,000-க்கு மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அங்கே சுவரில் வெட்டப்பட்டிருக்கின்றன. இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் உண்டு. அதே யுத்தத்தில், 1942-43-ல், ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில்பாதை போடுவதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சாரி சாரியாகக் கொண்டுபோனார்கள். போனவர்களில் எண்ணிறந்தோர் காட்டிலேயே காலராவிலும் பசியிலும் மாண்டார்கள். காஞ்சனபுரியில் வெள்ளைக் கைதிகள் ஏறக்குறைய 7,000 பேரின் சமாதிகள் வரிசையாய் உள்ளன. நம்மவர்க்கு உள்ளது மதிப்பீடு. அதுவும் ஆளுக்கொரு மதிப்பீடு. சிப்பாயாய்ச் செத்தால் பெயர்; கூலியாய்ச் செத்தால் தொகை!

ஆனால் எல்லாப் பழியையும் துரைமார் தலையில் சுமத்திவிட முடியுமா? சிராங்கூன் சாலையில் நின்று பத்துப் பேரை விசாரித்துப் பாருங்கள். எல்லாருடைய பாட்டனாரும் கையில் முதலோடு கப்பலேறிக் கடை வைத்தவர்களாகவே இருப்பார்கள். அப்படியானால் இச்சாலையைப் போட்டவர் எவர்? சுண்ணாம்புக் கம்பத்தில் காளவாயில் வெந்தவர் எவர்? கண்டாங் கெர்பாவில் மாட்டுக் கொட்டில் கழுவியவர் எவர்? 1825-ல் பென்கூலனிலிருந்து சென்னைக் கைதிகள் எண்பது பேரோடு தொடங்கி, 1873 வரை தீவாந்தர சிட்சை பெற்ற இந்தியர்கள் இவ்வூரில் வேலை வாங்கப்பட்டனர். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும், இன்று இஸ்தானா எனப்படும் கவர்னர் மாளிகையும் அவர்கள் உழைப்பு. விடுதலை பெற்றோரிற் பலர் இங்கேயே குடியும் குடித்தனமுமாயினர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எங்கே? ஒருவராவது வாய் திறப்பதில்லை.

ஆஸ்திரேலியாவிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. 1788 முதல் 1868 வரை பிரிட்டனும் அயர்லாந்தும் அங்கே நாடு கடத்தியோர் 1,60,000-க்கு மேற்பட்டவர். ரொட்டி திருடியவனும் துணி திருடியவளும் அதிலுண்டு. சந்ததியார் அதை மறைத்தார்கள். இன்றோ கைதிப் பாட்டனைக் கண்டுபிடித்தவர் ஊரழைத்துச் சொல்கிறார். நம் வீடுகளிலோ கரையானுக்குத் தப்பிய காகிதத்தைக் கௌரவம் தின்கிறது.

தேட எண்ணுவோர்க்கு இவ்வூரில் வழி அடியோடு அடைபடவில்லை. நீரிணைக் குடியேற்றங்களின் பழைய தஸ்தாவேஜுகள் படச்சுருளாக உள்ளன. 1887-ல் தோன்றிய சிங்கைநேசனை நூலகத்தார் காக்கின்றனர். 1979 முதல் ஆவணக் காப்பகத்தார் முதியோர் வாய்மொழியை ஒலிப்பதிவு செய்து வருகின்றனர். எனினும் முதலில் திறக்கவேண்டிய பேரேடு வீட்டிலுள்ள கிழவியே. குலதெய்வம் எது என்று அவளைக் கேளுங்கள். சாமியை நம்பாதவரும் கேட்கலாம். கும்பிடுவதற்கன்று, அது ஊரைக் காட்டும். அந்தக் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி கொடுக்கும் பங்காளிகளுள், கடல் கடந்து போன வீடு எது என்று சொல்ல எவரேனும் இருப்பர். அவள் தாயின் பெயரையும், தாய் பிறந்த ஊரையும் கேட்க மறவாதீர்கள். காகிதங்களில் பெண்பிள்ளைகள் பெயரே அரிது. கப்பலேறியது நாகப்பட்டினத்திலா சென்னையிலா, உடன் வந்தவர் எவர், வந்த வழியில் இறந்தவர் எவர் என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரை அவள் சிதைத்துச் சொன்னால் திருத்த வேண்டாம். தேசப்படத்தில் இல்லாத ஒரு குப்பத்துக்கு உள்ளூரார் வழங்கும் பெயர் அதுவாகவே இருக்கக்கூடும்.