துரோணர் வம்சத்து ராஜாக்களும் அர்ஜுனன் சண்டையும்

பி.காம். படிக்கிறவனுக்கு சரித்திரத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காஞ்சிபுரத்தில் பிறந்தவன் கோயில் கல்வெட்டைத் தாண்டாமல் கடைக்குக்கூடப் போக முடியாது. அதனால் இந்தத் தடவை கணக்குப் பாடத்துக்கு லீவு.

விஷயம் இதுதான். தனக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்த வாத்தியாரையே எதிர்த்து ஒருவன் கவசம் போட்டுக்கொண்டு நின்றால் என்ன செய்வான்? மகாபாரதத்தில் அர்ஜுனனுக்கு இந்தச் சங்கடம் ஒரு தடவை அல்ல, பல தடவை வருகிறது.

முதல் தடவை விராட நாட்டில். கௌரவர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு போக, உத்தரன் தேரோட்ட, அர்ஜுனன் தனியாக வருகிறான். (எங்கள் பக்கத்துக் கூத்தில் இதற்கு 'மாடுபிடி சண்டை' என்று பெயர்.) துரோணர் எதிரே வந்ததும் அவன் போட்ட நிபந்தனை, நீங்கள் முதலில் அம்பு விட்டால்தான் நான் விடுவேன் என்பது. அவர் விட்டார், இவனும் விட்டான். கடைசியில் துரோணரின் கவசம் கிழிந்தது. மகன் அசுவத்தாமன் குறுக்கே வந்து அர்ஜுனனை மறிக்க, குரு விலகிப் போவதற்கு அர்ஜுனனே வழி விட்டான். ஜெயித்தவன் வழி விடுகிறான், கவனியுங்கள்.

இரண்டாவது, குருக்ஷேத்திரத்தில் 14-ம் நாள். பொழுது சாய்வதற்குள் ஜயத்ரதனைக் கொல்வதாக அர்ஜுனன் சபதம் செய்திருக்கிறான். வியூகத்தின் வாசலிலேயே துரோணர் நிற்கிறார். கொஞ்ச நேரம் போர் நடக்கிறது. பிறகு அர்ஜுனன் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடுகிறான். எதிரியை ஜெயிக்காமல் போகிறாயே என்று துரோணர் சீண்டினால், நீங்கள் எனக்கு எதிரி அல்ல, குரு என்று பதில் வருகிறது.

அதே நாளில்தான் துரோணர் துரியோதனனுக்கு மந்திரம் சொல்லி ஒரு கவசம் கட்டிவிடுகிறார். அர்ஜுனனின் அம்புகள் அதன் மேல் பட்டுத் தெறித்து விழுகின்றன. இது யார் கட்டிய கவசம் என்று சிஷ்யனுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கவசத்தை விட்டுவிட்டு, அது மூடாத கை விரல்களில் அடித்தான். வாத்தியார் கற்றுக்கொடுத்த வித்தையை வைத்தே வாத்தியார் கட்டிய கவசத்துக்கு வழி கண்டுபிடித்தான்!

ஆனால் துரோணரைக் கொன்றது அர்ஜுனன் இல்லை. 15-ம் நாள், அசுவத்தாமன் செத்தான் என்ற பாதிப் பொய்யைத் தருமர் வாயால் கேட்டு, துரோணர் ஆயுதத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். வாளோடு ஓடிவந்தவன் திருஷ்டத்யும்னன். உயிரோடு பிடித்து வா, கொல்லாதே என்று அர்ஜுனன் கத்திக்கொண்டே இருந்தான். அவன் கேட்கவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், அந்தத் திருஷ்டத்யும்னனும் துரோணரிடம் வில் படித்தவன்தான். தன்னைக் கொல்லப் பிறந்தவன் என்று தெரிந்தும் அவர் கற்றுக்கொடுத்தார். ஒரே வாத்தியார், இரண்டு மாணவர்கள். ஒருவன் சுற்றிக்கொண்டு போனான், இன்னொருவன் தலையை வெட்டினான்.

இதெல்லாம் இதிகாசம், சரித்திரம் எங்கே என்கிறீர்களா? வருகிறேன்.

காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். ராஜசிம்ம பல்லவன் கி.பி. 700-ஐ ஒட்டிக் கட்டியது. கருவறையைச் சுற்றி அவன் வெட்டி வைத்த கல்வெட்டில் பல்லவர் வம்சாவளி இருக்கிறது. பிரம்மா, அங்கிரஸ், பிருகஸ்பதி, சம்யு, பரத்வாஜர், துரோணர், அசுவத்தாமன், அதற்குப் பிறகு பல்லவன். அதாவது நம்ம ஊர் ராஜாக்கள் தங்களைச் சொல்லிக்கொண்டது அர்ஜுனன் பரம்பரை என்று இல்லை. தோற்றுப்போன வாத்தியார் பரம்பரை என்று!

ஏன்? பல்லவர்கள் பாரத்வாஜ கோத்திரம். பிராமணனாகப் பிறந்து ஆயுதம் எடுத்தவர் என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருகிறவர் துரோணர். சாஸ்திரமும் எங்களிடம், வாளும் எங்களிடம் என்று சொல்ல நினைத்த அரசர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தாத்தா கிடைக்க மாட்டார். பாண்டியர்கள் தங்களைச் சந்திர குலம் என்றார்கள். பாண்டவர்களும் அதே குலம்தான்.

இன்னொரு செய்திதான் என்னை உட்கார வைத்து யோசிக்கச் செய்தது. காஞ்சிக்குப் பக்கத்தில் கூரம் என்ற ஊர் இருக்கிறது. ராஜசிம்மனின் அப்பா முதலாம் பரமேசுவரவர்மன், 7-ம் நூற்றாண்டின் கடைசியில், கூரம் சிவன் கோயிலுக்காக ஒரு கிராமத்தையே தானம் கொடுத்தான். கூரம் செப்பேடு என்று இதைச் சொல்கிறார்கள். 1890-ல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் ஹுல்ஷ் பதிப்பித்தார். கிராமத்தை 25 பங்காகப் பிரித்து, அதில் 1 பங்கை மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு ஒதுக்கியிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் 4 சதவீதம். (லீவு விட்டாலும் கணக்கு விடுவதில்லை!)

யோசித்துப் பாருங்கள். துரோணர் எங்கள் முன்னோர் என்று சொல்கிற குடும்பம், துரோணர் பொய்க்கு ஏமாந்து சாகிற கதையை ஊர் மண்டபத்தில் வாசிக்கப் பணம் கொடுக்கிறது. அசுவத்தாமன் ராத்திரியில் பாசறைக்குள் புகுந்து, தூங்கிக்கொண்டிருந்த திருஷ்டத்யும்னனைக் கொன்ற கதையும் அதில்தான் வருகிறது. தாத்தாவின் தோல்வியையும் அவர் பிள்ளையின் பாவத்தையும் மறைக்கவில்லை. பின்னால் 9-ம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாரத வெண்பா பாடியதும் பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில்தான்.

என் மனசில் இந்தக் கதை ஒட்டிக்கொண்டதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் தறி இருக்கிறது. அப்பா கோர்வை போடக் கற்றது பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவரிடம். அப்பா சொந்தமாகத் தறி போட்டபோது, அந்தப் பெரியவருக்கு வேலை கொடுத்துவந்த முதலாளியே அப்பாவுக்கும் கொடுக்க ஆரம்பித்தார். அதற்கப்புறம் பெரியவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அப்பா தப்பு செய்யவில்லை, பிழைக்க வேண்டாமா? ஆனாலும் அவர் எதிரே வந்தால் இன்றைக்கும் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார். அவர் பேசாமல் போவார். அப்பா மறுபடி ஏறிக்கொள்வார்.

சின்ன வயசில் எனக்கு அது அவமானமாகத் தெரியும். நாம் ஏன் இறங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். விராட நாட்டில் ஜெயித்த பிறகும் குருவுக்கு வழி விட்டவன் கதையைப் படித்தபோதுதான் பதில் கிடைத்தது. தொழிலில் எதிரே நிற்க வேண்டி வரலாம், அதற்காகக் கற்றுக்கொண்டது இல்லை என்று ஆகிவிடாது.

அடுத்த தடவை கைலாசநாதர் கோயிலுக்குப் போனால், சிற்பத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கருவறையை ஒரு சுற்று சுற்றுங்கள். கிரந்த எழுத்து நமக்குப் படிக்க வராது, பரவாயில்லை. ஒரு வாத்தியாரின் பெயர் அந்தக் கல்லில் 1300 வருடமாக இருக்கிறது என்பது தெரிந்தால் போதும்.