மீண்டு வந்தோர் சொன்னவையும் சொல்லாதவையும்

கோவையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவிநாசியின் பெயரைச் சொன்னாலே கொங்கு மக்களுக்கு முதலை உண்ட பாலனின் கதை நினைவுக்கு வரும். குளத்தில் முதலை விழுங்கிய சிறுவன், சுந்தரர் பாடியதும் இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு கரையேறினான் என்பது சைவ மரபு. மாண்டவர் மீண்ட கதைகள் எல்லாச் சமுதாயத்திலும் உண்டு. நம் மரபிலும் உண்டு என்பதைப் பலர் அறியார்.

ஹிஜ்ரி 281-இல் (கி.பி. 894) பக்தாதில் மறைந்த இமாம் இப்னு அபித் துன்யா (ரஹ்), மரணத்திற்குப் பின் வாழ்ந்தோரைப் பற்றியே தனி நூல் தொகுத்தார். 'மன் ஆஷ பஅதல் மவ்த்' என்பது அதன் பெயர். அவர் வெறும் கதை சொல்லவில்லை. யார் யாரிடம் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடரோடு எழுதினார். உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் மதீனாவில் ஸைத் பின் காரிஜா (ரலி) இறந்து, துணி போர்த்தப்பட்ட பின் பேசினார் என்பது அவற்றுள் புகழ்பெற்றது. நபி (ஸல்) அவர்களின் தூதுத்துவத்திற்கும் முதல் கலீஃபாக்களுக்கும் சாட்சி சொல்லிவிட்டு அவர் அடங்கினார். ரிப்இய்யு பின் ஹிராஷின் சகோதரரோ முகத்துணி விலக்கி, இறைவனின் கருணையைக் கண்டதாகக் கூறி, தம்மை விரைந்து அடக்கம் செய்யச் சொன்னாராம். இன்று பேசப்படும் இருட்குகையும் அதன் முனையில் ஒளியும் இவ்விரு செய்திகளிலும் இல்லை.

அனுபவத்தின் வடிவம் ஊருக்கு ஊர் மாறுவதை ஆய்வாளரும் கண்டனர். பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த சத்வந்த் பஸ்ரிச்சாவும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் இயான் ஸ்டீவன்சனும் வட இந்தியாவில் 16 பேரின் அனுபவங்களைத் திரட்டி 1986-இல் வெளியிட்டனர். தூதர்கள் இழுத்துச் செல்கின்றனர். ஏடு வைத்திருப்பவர் புரட்டிப் பார்க்கிறார். ஆள் மாறிவிட்டது என்று திருப்பி அனுப்புகிறார். நம் அலுவலகங்களில் அலைந்தவர்க்கு இக்காட்சி புதிதன்று! அமெரிக்கர் சொல்லும் அனுபவங்களில் இந்த ஏடும் ஆள்மாறாட்டமும் அரிது.

நெதர்லாந்தின் பத்து மருத்துவமனைகளில், இதயம் நின்று மீட்கப்பட்ட 344 பேரிடம் பிம் வான் லோமல் குழுவினர் விசாரித்தனர். 2001-இல் வெளியான அவ்வாய்வின்படி இத்தகைய அனுபவம் சொன்னோர் 62 பேர் மட்டுமே. பிராணவாயுக் குறைவுதான் முழுக் காரணமெனில் ஏனையோர்க்கு ஏன் வரவில்லை என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. 2023-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார், செயற்கைச் சுவாசம் நீக்கப்பட்ட நால்வரில் இருவரின் மூளையில் திடீர் மின்னலைப் பெருக்கத்தைப் பதிவு செய்தனர். எனினும் அவ்விருவரும் பிழைக்கவில்லை. எதைக் கண்டனர் என்று கேட்க வழியில்லை.

மறுமைக்கு இவையே ஆதாரம் எனக் காணொளிகளைப் பகிரும் சகோதரர்கள் அல்பகரா அத்தியாயத்தின் 259-ஆம் வசனத்தைச் சிந்திக்க வேண்டும். நூறாண்டு மரித்திருந்து எழுப்பப்பட்டவரிடம் எவ்வளவு காலம் தங்கினீர் என வினவப்பட்டது. ஒரு நாள், அல்லது அதில் சிறிது என்பதே அவர் தந்த விடை. கண்ட காட்சி எதையும் அவர் விவரித்ததாக அங்கில்லை. அல்முஃமினூன் அத்தியாயமோ, இறந்தவருக்கும் இவ்வுலகிற்கும் இடையே பர்ஸக் என்னும் திரை உண்டென்கிறது. இதயம் நின்று மீண்டவர் அத்திரையின் விளிம்புவரை போனவரே என்பது என் கருத்து. அவர் சொல்வதைப் பொய்யெனத் தள்ளவும் வேண்டாம். அதன்மேல் ஈமானைக் கட்டவும் வேண்டாம்.

இக்குழப்பம் மருத்துவமனை வராந்தாவில் வேறு உருவெடுக்கிறது. மூளைச்சாவு என்று மருத்துவர் அறிவித்ததும், "இறந்து மீண்டவர்கள் இருக்கிறார்களே" என்று குடும்பத்தார் தயங்குகின்றனர். மீண்டவர்கள் இதயம் நின்று சில நிமிடங்களில் உயிர்ப்பிக்கப்பட்டவர்கள், மூளைச்சாவு அதுவன்று. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணிநேர இடைவெளியில் இருமுறை சோதித்த பின்னரே அது உறுதி செய்யப்படுகிறது. 1986-இல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி, மீள முடியாத முழு மூளைச்சாவை மரணமாக ஏற்றது. மறு ஆண்டே மக்காவின் ஃபிக்ஹு சபை, கருவிகளை அகற்றலாம், ஆனால் இதயமும் மூச்சும் நின்ற பின்பே மரணச் சட்டங்கள் பொருந்தும் என்றது. எந்தக் கருத்தைப் பின்பற்றுவது என்பதை ஆலிம்களிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மில் மிகச் சிலவே.