ஒரு பாடலுக்கு இரண்டு டொலர்

கிறிஸ்தவப் பாடலாசிரியராக வெற்றி பெறுவது எப்படி என்று எவரேனும் என்னிடம் கேட்டால், ஃபனி குரொஸ்பியின் வரலாற்றையே எடுத்துச் சொல்வேன். கேட்பவருக்கு அது முழு உற்சாகத்தையும் தரும் என்று உறுதி கூற மாட்டேன்.

1820ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தில் பிறந்த குரொஸ்பி, ஆறு வாரக் குழந்தையாக இருந்தபோது ஏற்பட்ட கண்ணோயையடுத்துப் பார்வையை இழந்தார். வைத்தியர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் போட்ட கடுகுப் பற்றே அதற்குக் காரணம் எனக் குடும்பத்தினர் நம்பினர். 1835இல் நியூயோர்க் நகரின் பார்வையற்றோர் பாடசாலையில் சேர்ந்து, பின்னர் அங்கேயே ஆசிரியையானார். முதற் கவிதை நூல் 1844இல் வெளிவந்தது.

1850களில் ஜோர்ஜ் ரூட் என்ற இசையமைப்பாளருக்கு ஜனரஞ்சகப் பாடல்கள் எழுதினார். அவற்றுள் 1855இல் வெளியான 'ரோசலி, த பிரெயரி ஃபிளவர்' ரூட்டுக்கு ஏறத்தாழ 3,000 டொலர் உரிமைப் பணம் ஈட்டித் தந்தது. குரொஸ்பிக்கு ஒரு கவிதைக்கு வழக்கமாகக் கிடைத்ததோ ஒன்றிரண்டு டொலர்தான். உரிமை முழுவதும் இசையமைப்பாளரிடமோ பதிப்பாளரிடமோ இருந்தது.

1864இல் வில்லியம் பிரட்பரியைச் சந்தித்தபோது அவருக்கு வயது 43. ஞாயிறு பாடசாலைகள் பெருகி, அவற்றுக்கான பாட்டுப் புத்தகங்கள் நல்ல வியாபாரமாகிவிட்ட காலம் அது. பிரட்பரிக்கும், அவர் 1868இல் மறைந்த பின் அவரது தொழிலைத் தொடர்ந்த பிக்லோ அன்ட் மெயின் நிறுவனத்துக்கும், வாரத்துக்கு மூன்று பாடல்கள் எழுதிக் கொடுப்பது வழக்கமாயிற்று. அதே 1868இல் வில்லியம் டோன் என்ற செல்வந்தர் ஒரு மெட்டுடன் வந்தார். அவரது ரயில் புறப்பட நாற்பது நிமிடங்களே இருந்தன. அதற்குள் 'சேஃப் இன் த ஆம்ஸ் ஒஃப் ஜீசஸ்' எழுதி முடிக்கப்பட்டது. மூடியும் சாங்கியும் 1870களில் பிரிட்டனில் நடத்திய கூட்டங்கள் அவரது பாடல்களைக் கடல் கடந்து கொண்டு சென்றன. இன்று தமிழ்ச் சபைகளிலும் அவை மொழிபெயர்ப்பில் ஒலிக்கின்றன.

அவர் எழுதியவை 8,000க்கும் மேல். ஒரே பெயர் ஒரு புத்தகத்தில் இத்தனை தடவை வருவதைப் பதிப்பாளர்கள் விரும்பவில்லை. ஆகவே ஏறத்தாழ 200 புனைபெயர்கள் பயன்பட்டன. பத்திரிகைக்காரனுக்கு இது புதிதல்ல. ஒரே பக்கத்தில் மூன்று பெயர்களில் எழுதி நிரப்பியவன் நானும்தான். ஆனால் எங்கள் எழுத்து மறுநாள் கடலை சுற்றப் போய்விடும். அவருடையதோ பதிப்புக்கு மேல் பதிப்பாக விற்றுக்கொண்டிருந்தது.

கணவரும் பார்வையற்ற இசைக் கலைஞர். மன்ஹட்டனில் எளிய வாடகை அறைகளில் வாழ்ந்த குரொஸ்பி, கையில் வந்ததில் பெரும்பகுதியை ஏழைகளுக்கே கொடுத்துவிட்டார். 1903இல் கவிஞர் வில் கார்ல்டன் அவரது வாழ்க்கைக் கதையை நூலாக்கி, அவரது வறுமையைப் பகிரங்கப்படுத்தியபோது பதிப்பாளர்கள் சினந்தனர். கொடுப்பது அவரது சுபாவம், அதனாலேயே வறுமை என்பது ஒரு வாதம். நான் அதனை ஏற்பதில்லை. கொடுப்பதற்கே அவரிடம் மிகக் குறைவாகத்தான் வந்து சேர்ந்தது. அவர் முறையிடவில்லை என்பது கூலி நியாயமானது என்பதற்குச் சான்றாகாது.

1915 பெப்ரவரி 12ஆம் திகதி கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் அவர் காலமானார். பெரிய நினைவுக்கல் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், 'ஆன்ட் ஃபனி' என்று பொறித்த சிறு கல் ஒன்றே நாட்டப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1955இல், அன்பர்கள் அங்கே பெரிய கல்லையும் நாட்டினர்.