இரும்பை ஒதுக்கினால் ஆழமும் போகும்

2025 நவம்பரில் ஜவ்வாது மலைக் கோவிலூரில், பழைய சிவன் கோயில் திருப்பணிக்காகத் தோண்டியபோது ஒரு மண்பானையில் 103 பொற்காசுகள் கிடைத்தன. உடனே எங்கள் வகுப்பில் ஒரே பேச்சு: "ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கிட்டு மலை ஏறலாமாடா?" படிப்பது காமர்ஸ் ஆச்சே, வரவுக்கு முன் செலவைப் பார்ப்போம் என்று கொஞ்சம் படித்தேன்.

கதை 1881-ல் தொடங்குகிறது. அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட் சுடப்பட்டார். உடலுக்குள் இருந்த குண்டைத் தேட, டெலிபோன் புகழ் கிரகாம் பெல் ஒரு கருவியோடு வந்தார். மெத்தைக்குள் இருந்த எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பின. டாக்டரோ வலப்பக்கத்தை மட்டும்தான் சோதிக்க விட்டார். குண்டு இருந்தது இடப்பக்கம், ஆழத்தில். செப்டம்பர் 19-ல் கார்ஃபீல்ட் இறந்தார்.

வேண்டாத உலோகத்தின் சத்தத்தை அடக்க 1970-களில் வந்ததுதான் 'டிஸ்கிரிமினேஷன்'. ஒவ்வொரு உலோகமும் கருவியின் காந்தப்புலத்துக்கு ஒவ்வொரு விதமான தாமதத்தோடு பதில் தரும். "இந்த அளவுக்குக் கீழே வந்தால் ஒலிக்காதே" என்று நாம் ஒரு கோடு போடுகிறோம். ஆணி அடங்கிவிடும்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. சின்னப் பொருளின் தூரம் இரண்டு மடங்கானால், திரும்பி வரும் சிக்னல் ஏறக்குறைய 64-ல் ஒரு பங்காகிவிடும். அந்த மெல்லிய சிக்னலோடு மண்ணில் உள்ள இரும்புத்தாதும் கலந்தால், ஆழத்துக் காசுகூட இரும்பு போலத் தெரியும். கருவி வாயை மூடிக்கொள்ளும். திருவண்ணாமலை பக்கத்துக் கவுத்தி மலை, வேடியப்பன் மலையில் இரும்புத்தாது உண்டு என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். கோட்டை உயர்த்தினால் கருவியின் சக்தி குறைவதில்லை. சந்தேகத்துக்கு இடமானதை எல்லாம் அது வாராக்கடன் என்று தள்ளுபடி செய்துவிடுகிறது. மெல்லிய தங்கமும் அதில் போகும்.

இன்னொரு நஷ்டமும் உண்டு நண்பர்களே. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். புதையல் தேடுபவன் முதலில் ஒதுக்கும் இரும்பில்தான் நம் வரலாறு இருக்கிறது! அவன் காசுக்காகக் குழி பறித்தால் மண்ணடுக்கு கலைந்துவிடும். அப்புறம் அந்த இரும்பின் வயதைச் சொல்ல யாராலும் முடியாது.

கடைசியாக ஒன்று. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஆகவே நண்பர்களே, மலைக்குப் போவோம், டிடெக்டர் வேண்டாம்.