தமிழ் மின்திரட்டுகளின் நெடுங்காலப் பாதுகாப்பு

அச்சு நூல்கள், இதழ்கள், சுவடிகள் ஆகியவற்றைக் கணினிக் கோப்புகளாக்கி, பல தலைமுறை கழித்தும் திறந்து படிக்கும்படி வைத்திருக்கும் பணி. தமிழில் இது வட்டு, நாடா பற்றிய கேள்வியாக இருந்ததைவிட எழுத்துக் குறியாக்கம் பற்றிய கேள்வியாகவே வளர்ந்தது.

பணியின் தேவையைக் காட்டத் திண்டுக்கல் மாவட்டத்து வத்தலக்குண்டு ஒன்றே போதும். ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி. ஆர். ராஜமய்யரும் ‘மணிக்கொடி’ இதழின் பி. எஸ். ராமையாவும் அங்கே பிறந்தவர்கள். 1959 முதல் ‘எழுத்து’ இதழை நடத்திய சி. சு. செல்லப்பா அங்கே வளர்ந்தவர். மூவரின் எழுத்தும் முதலில் வெளிவந்தது இதழ்களில்தான். ராஜமய்யரின் நாவல் 1893இல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடராகத் தொடங்கியது. அத்தகைய இதழ்கள் அச்சான மரக்கூழ்த் தாளில் உள்ள அமிலம், நம் ஊர் வெப்பத்தில் தாளைப் பழுப்பாக்கி, மடித்த இடத்தில் நொறுக்கிவிடும். பூச்சியே வராவிட்டாலும் அத்தாள் நிலைக்காது.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் 1992இல் மறைந்தபின், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட உருப்படிகள் கொண்ட அவரது சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அது நாட்டைவிட்டுப் போகாமல், 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று. அங்கே முதலில் கைக்கொண்ட வழி நுண்படம். பாலியெஸ்டர் படச்சுருளில் வெள்ளி உப்பால் பதிந்த உருவம், குளிர்ந்து உலர்ந்த அறையில் 500 ஆண்டு தாங்கும் என்பது தரநிலைக் கணக்கு. அதைப் படிக்க ஒளியும் உருப்பெருக்கியும் போதும், மென்பொருள் வேண்டாம். வேண்டும்போது சுருளிலிருந்தே மின்படி எடுக்கலாம். பழைய நுட்பம் என்று ஒதுக்கத்தக்கதல்ல இது. அன்றைய நிலையில் இதைவிட நல்ல தேர்வு இருந்ததாகத் தோன்றவில்லை.

படத்தில் சொல்லைத் தேட முடியாது. அதற்குத் தட்டச்சிட்ட உரை வேண்டும். அந்த வழியில் 1998 பொங்கலன்று தொடங்கியது மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ச்சுனனும் முன்னின்று, உலகெங்குமுள்ள தன்னார்வலர்களைச் சேர்த்தனர். ஊதியமின்றித் தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும் இவர்கள் செய்த பணிக்குத் தமிழர் கடன்பட்டிருக்கிறோம்.

அன்று தமிழுக்கு ஒரே குறியாக்கம் இல்லை. ஒவ்வொரு எழுத்துருவும் தன் விருப்பப்படி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்தது. எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பு வெறும் கிறுக்கலாகத் தெரியும். இணையத் தமிழர் கூடி வகுத்த திஸ்கி, 1999 சென்னைத் தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் என்று தரங்கள் பல எழுந்தன. 1991லேயே யூனிகோடில் தமிழ் இடம்பெற்றிருந்தும் சாதாரணக் கணினிகளில் அது இயங்கப் பல ஆண்டுகள் ஆயின. மதுரைத் திட்டம் திஸ்கியிலிருந்து பின்னர் யூனிகோடுக்கு மாறியது. தமிழக அரசு 2010இல் யூனிகோடையும் டேஸ்-16ஐயும் தரமாக அறிவித்தது.

மாற்றுவது எளிதன்று. ‘கெ’ என்பதில் திஸ்கி கொம்பை முதலிலும் யூனிகோடு ககரத்தை முதலிலும் சேமிக்கும். வரிசையைத் திருப்ப வேண்டும். யூனிகோடுக்குள்ளும் பொறிகள் உண்டு. ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. சீராக்கம் செய்யாத தேடலுக்கு இரண்டும் வேறு. ‘கௌ’வின் பின்பகுதிக்குப் பதில் ளகரத்தை இட்டுவிடும் பிழையும் மலிந்தது. ஆகவே உரையோடு பக்கப் படத்தையும் வைத்திருப்பதே பாதுகாப்பு. ஐயம் வந்தால் படம் சாட்சி.

படத்துக்கு, இழப்பின்றிச் சுருக்கிய டிஃப் கோப்பு மூலப்படியாகவும் பிடிஎஃப் வாசகர் படியாகவும் வழங்குகின்றன. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிந்து வைக்கும் பிடிஎஃப்/ஏ, 2005இல் பன்னாட்டுத் தரமாயிற்று. பழைய எழுத்துருச் சிக்கலில் பட்ட தமிழுக்கு இதன் பயன் பெரிது. வன்தட்டும் நாடாவும் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றப்பட வேண்டியவை. மாற்றும்போது ஒரு பிட்டும் பிசகவில்லை என்பதைச் சரிபார்ப்புத் தொகை காட்டும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது படிகளின் எண்ணிக்கையும் இடமும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அவற்றோடு போயின. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்படியாக்கி எவரும் இறக்கிக்கொள்ளத் திறந்து வைத்திருக்கிறது. வாசகர் கணினிகளிலும் படி பரவுகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017இல் தமிழ் மின்னூலகத்தைத் தொடங்கியது.

இன்று உடனடி ஆபத்தில் இருப்பவை ஊர் அச்சகங்களிலும் சிற்றிதழாளர் வீடுகளிலும் உள்ள, பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகள். அம்மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்த 7.0. அத்தகைய கோப்பு வைத்திருப்பவர்கள் எழுத்துருவோடு சேர்த்து அதைப் படியெடுத்து, உரையை யூனிகோடுக்கு மாற்றி, மூலக்கோப்பை அழிக்காமல் ஒரு நூலகத்திடமும் கொடுத்துவைக்க வேண்டும்.